தமிழில் சிறு பதிப்பகம், நூல் வடிவமைப்பு: இதைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்க வடிவமைப்பில் தொடங்கி, செம்மையாக்கம் கற்றுக்கொண்டு, இப்போது ஒரு சிறு பதிப்பகத்தின் எல்லா வேலைகளையும் பார்த்துவருகிறேன். புத்தகம் போட வேண்டும், அதையே வாழ்க்கையாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு வருகிற இளைஞர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பாடநூல், நோட்ஸ், போட்டித் தேர்வு நூல் ஆகியவற்றின் கணக்கு முற்றிலும் வேறு. இங்கே பேசுவது கதை, கவிதை, கட்டுரை, ஆய்வு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றை வெளியிடும் சிறு பதிப்பகங்களைப் பற்றி.

பதிப்பாளர் சரியாக என்னதான் செய்கிறார்? பணம் போடுகிறவர்தானே?

பணம் போடுவது அவர் வேலையில் ஒரு பகுதி. ஒரு கையெழுத்துப் பிரதியை வாசித்து, இது ஏன் புத்தகமாக வேண்டும், யார் வாசிப்பார்கள் என்று தீர்மானிப்பதுதான் முதல் வேலை. அடுத்து எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைச் செம்மையாக்குவது, மெய்ப்பு பார்ப்பது, பக்கம் வடிவமைப்பது, அட்டை செய்விப்பது, தாள் தேர்வு, அச்சு, பைண்டிங், கடைகளுக்கு அனுப்புவது, பணத்தை வசூலிப்பது, எழுத்தாளருக்கு விற்பனையில் தர வேண்டிய பங்கான ராயல்டியின் கணக்கு முடிப்பது என்று நீளும். அச்சகம் அச்சடித்துக் கொடுக்கும். பிரதியில் இருக்கிற பிழை பிழையாகவே அச்சாகும். அதற்குப் பொறுப்பு பதிப்பகத்துடையது.

சிறு பதிப்பகத்தில் இத்தனை வேலைகளையும் இரண்டு பேரோ மூன்று பேரோ செய்கிறார்கள். ஆகவே பதிப்பாளராக வேண்டும் என்பவர் வடிவமைப்பையும், வடிவமைப்பாளராக வேண்டும் என்பவர் விற்பனைக் கணக்கையும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இதற்கென்று படிப்பு இருக்கிறதா?

நேரடியாகத் தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்கென்று முழுமையான படிப்பை நான் பார்த்ததில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நூல் வெளியீட்டில் முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்திவந்திருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகிறது. கொல்கத்தாவில் சீகல் பதிப்பகத்தின் பள்ளி இருக்கிறது. அச்சு நுட்பத்துக்குச் சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பப் பயிலகமும், கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் பேக்கேஜிங் பட்டப்படிப்பும் உண்டு. ஓவியப் பயிற்சிக்கு 1850இல் தொடங்கப்பட்ட எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் கோட்டோவியங்களையும் தலைப்பெழுத்துகளையும் வரைந்து தந்த ஆதிமூலம் அங்கே படித்தவர்தான்.

ஆனாலும் தமிழ்ப் பக்கத்துக்கே உரிய சிக்கல்களை இந்தப் படிப்புகள் சொல்லித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதை ஒரு நல்ல வடிவமைப்பாளரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். ஓர் அச்சகத்தில் முழுநாள் நின்று பாருங்கள். தாள் மடிப்பது, மடித்த 16 பக்கத் தொகுதிகளான பாரங்களை வரிசையாகச் சேர்ப்பது, முதுகைச் சுரண்டிப் பசை இடுவது, மூன்று பக்கமும் வெட்டுவது எல்லாவற்றையும் கண்ணால் கண்ட பிறகு நீங்கள் போடும் பக்கம் மாறும்.

செம்மையாக்கம், மெய்ப்பு இரண்டும் ஒன்றுதானா?

வேறு வேறு. தமிழில் செம்மையாக்கத்துக்கு ஒரு மரியாதை கிடைத்ததில் 1974இல் தொடங்கப்பட்ட க்ரியா பதிப்பகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை நடத்திய எஸ். ராமகிருஷ்ணன் 2020 நவம்பரில் மறையும்வரை அந்த வேலையை விடவில்லை. 1992இல் வெளிவந்து பின்னர் இருமுறை விரிவாக்கப்பட்ட தற்காலத் தமிழ் அகராதி அந்த உழைப்பின் விளைவு. தமிழில் செம்மையாக்குநராக விரும்புகிறவர் மேசையில் அது இருந்தே ஆக வேண்டும்.

செம்மையாக்குநர் பிரதியின் பொருளோடு மல்லுக்கு நிற்கிறார். இந்த அத்தியாயம் இங்கே ஏன் வருகிறது, இந்தத் தேதி முன்னால் சொன்னதோடு ஒத்துப்போகிறதா, இந்த மேற்கோள் மூலத்தில் இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்கிறார். மெய்ப்பு பார்ப்பவர் அச்சுக்குப் போகும் பக்கத்தில் பிழை தேடுகிறார். இருவருக்கும் பொதுவான கருவி நடைத்தாள். ‘பஸ்’ என்று போடுவதா ‘பேருந்து’ என்றா, ‘கொண்டிருந்தான்’ முன்சொல்லோடு சேருமா பிரியுமா, எண்களை இலக்கத்தில் எழுதுவதா எழுத்தாலா, வெளிநாட்டுப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் எது என்று ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் 12ஆம் பக்கத்தில் ஜோசப் ஆக இருந்தவர் 140ஆம் பக்கத்தில் யோசேப்பு ஆகிவிடுவார்.

கடைசி மெய்ப்பைத் தாளில் எடுத்து, அதுவரை அந்தப் பிரதியைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். பலமுறை படித்தவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. இந்த வேலைக்கு நம் சூழலில் தரப்படும் கூலி மிகக் குறைவு. புத்தகம் போடத் தொடங்கும்போதே இதற்கென்று தொகை ஒதுக்குங்கள். அட்டைக்குச் செலவழிப்பதைவிட இதில் செலவழிப்பது நூலுக்கு நல்லது.

தமிழ்ப் பக்கத்தை வடிவமைக்கத் தனியாக என்ன கற்க வேண்டும்?

நிறைய இருக்கிறது. நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

டெமி 1/8 அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஓரங்கள் போக எழுத்துக்குச் சுமார் நான்கேகால் அங்குல அகலம் கிடைக்கும். 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் ஒரு வரிக்கு ஆறேழு சொற்கள்தான் அடங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘நினைத்துக்கொண்டிருந்தபோது’ என்ற ஒரே சொல்லில் 13 எழுத்துகள். இருபுறமும் சமன்செய்த பத்தியில் அந்தச் சொல் வரியின் கடைசியில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய நான்கு சொற்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். பக்கம் முழுவதும் இப்படி நேர்ந்தால் வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுவது தெரியும்.

தீர்வு சொல்லை உடைப்பது. தமிழில் இடைக்கோடு போடாமலே உடைக்கும் மரபு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் எங்கே உடைப்பது என்பதில் கவனம் வேண்டும். ‘நினைத்துக்’ என்று மேல்வரியிலும் ‘கொண்டிருந்தபோது’ என்று கீழ்வரியிலும் வந்தால் கண் தடுக்காமல் போய்விடும். ‘நினைத்து’ மேலே நின்று ‘க்கொண்டிருந்தபோது’ கீழே வந்தால் அது தவறு. புள்ளி வைத்த மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது. ஒற்றை எழுத்து தனியாகக் கீழே இறங்குவதும் அழகில்லை. மென்பொருள் இதையெல்லாம் தானாகச் செய்யும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வரிவரியாகப் பார்த்தே தீர வேண்டும்.

வரிக்கும் வரிக்கும் இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்று அதிக இடைவெளி விட வேண்டும். ‘கீ’, ‘கி’ போன்றவற்றின் விலங்கு மேலேயும் ‘சூ’, ‘மு’ போன்றவற்றின் சுழி கீழேயும் நீள்வதால் நெருக்கமாகப் போட்டால் பக்கம் இருண்டுவிடும். 11 புள்ளி எழுத்துக்கு வரிக்கு வரி 16 புள்ளி விட்டால் டெமி பக்கத்தில் 30 வரிகள் வரும். அதுவே போதும். பக்கத்தைக் குறைப்பதற்காக 34, 35 வரிகளை அடைத்துவைத்த புத்தகத்தை ஐம்பது வயதுக்காரர் இரவில் எப்படி வாசிப்பார்?

உள்ளோரத்தைத் தாராளமாக விடுங்கள். பசை இட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் புத்தகம் முழுவதும் விரியாது. உள்ளோரம் குறைந்தால் வாசகர் முதுகை உடைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

எந்த மென்பொருள், எந்த எழுத்துரு?

பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும் பாமினி, ஷ்ரீலிபி வகைப் பழைய குறியாக்க எழுத்துருக்களும் கணினியில் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி மையங்கள் பலவற்றில் இன்னும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் மட்டுமே வேலை செய்யுங்கள். யூனிகோடில் செய்த பிரதியைத்தான் தேடலாம், மின்னூலாக்கலாம், இருபது ஆண்டு கழித்தும் திறக்கலாம். இன்று பரவலாகப் பயன்படும் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒரு கவனம்: பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கக்கூடும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் கற்கலாம். அதன் புதிய பதிப்புகள் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன.

பழைய குறியாக்கத்தில் இருக்கும் பிரதியை யூனிகோடுக்கு மாற்றும்போது சில பிழைகள் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே வந்துவிடும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்து உட்காரும். ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. மின்னூலில் தேடும்போது அந்தப் பெயர் கிடைக்காது.

இலவச உரிமத்தில் கிடைப்பவற்றில் நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் போன்றவற்றைத் தாளில் அச்செடுத்துப் பாருங்கள். திரையில் நன்றாக இருக்கும் எழுத்துரு தாளில் மெலிந்துபோவதுண்டு. அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிப்பதே சரி. உரிமம் இல்லாத எழுத்துருவைப் பயன்படுத்தாதீர்கள். எழுத்துரு செய்கிறவரும் நம்மைப் போன்ற தொழிலாளிதான்.

அட்டைக்கு இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. புகைப்படமோ ஓவியமோ யாரோ ஒருவருடையது. எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள், பணம் கொடுங்கள், உரிமைப் பக்கத்தில் பெயர் போடுங்கள்.

அட்டை செய்யும்போது தாளை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். 192 பக்கம் என்றால் 96 இதழ்கள். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் முதுகு ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் வரும். அச்சகத்தில் கடைசி நேரத்தில் வேறு தாளுக்கு மாறினால் முதுகின் கனமும் மாறி, முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்குச் சரிந்துவிடும். கடை அலமாரியில் புத்தகம் முதுகைக் காட்டித்தான் நிற்கிறது. ஆகவே அதற்கு உரிய கவனம் கொடுங்கள்.

சென்னையில் இருக்கும் தாரா புக்ஸ், பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து உருவாக்கிய நூல்களைக் கையால் செய்த தாளில் திரைஅச்சில் ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே அச்சிட்டு, உலகம் முழுவதும் கொண்டுசென்றிருக்கிறது. எல்லோராலும் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் தாளையும் மையையும் எவ்வளவு தூரம் நேசிக்கலாம் என்பதை அந்த நூல்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும்.

தாள் கணக்கு எப்படிப் போடுவது?

16 பக்கம் ஒரு பாரம். 192 பக்கம் 12 பாரம். இரட்டை டெமி தாள் 22.5க்கு 35 அங்குலம். அதன் இரு பக்கத்திலும் சேர்த்து 32 டெமி பக்கங்கள் அடங்கும். அப்படியானால் ஒரு புத்தகத்துக்கு 6 தாள், 500 படிக்கு 3000 தாள், ஒரு ரீமுக்கு 500 தாள் என்பதால் 6 ரீம். கழிவுத் தாளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 70 ஜி.எஸ்.எம். தாள் ஒரு ரீம் ஏறக்குறைய 18 கிலோ. இந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்தால் அச்சகத்தின் விலைப்பட்டியலைப் பார்த்த உடனே எங்கே கூடுதல் என்று தெரிந்துவிடும். சென்னையில் தாள் வியாபாரம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில். ஒருமுறை போய்த் தாளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யப்படும், தமிழ்நாடு அரசு நிறுவனமான டிஎன்பிஎல்லின் தாளும் அங்கே கிடைக்கும்.

பக்க எண்ணிக்கை பாரத்தின் மடங்காக வருமாறு பாருங்கள். 196 பக்கத்தில் முடிந்தால் 4 பக்கத்தைக் குறைக்க வழி தேடுங்கள். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பதை அச்சகத்தில் சொல்லிவையுங்கள். குறுக்கே ஓடினால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு புத்தகம் விரிய மறுக்கும்.

எத்தனை படி அச்சிடலாம்? ஆஃப்செட்டா, பிஓடியா?

கவிதை நூலுக்கும் முதல் நாவலுக்கும் 300 போதும். பல நேரங்களில் 200கூடப் போதும். தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறை வந்த பிறகு 50 படியாக அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஒரு படிக்கான செலவு அதிகம், ஆனால் வீட்டில் கட்டுக்கட்டாகத் தேங்காது. 500க்கு மேல் நிச்சயமாக விற்கும் என்றால், தகடு செய்து மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட்டில் படிவிலை இறங்கும், அச்சின் கருமையும் நன்றாக இருக்கும். கனமான நூல் என்றால் தையல் பைண்டிங் செய்யுங்கள். ஒட்டுப் பைண்டிங்கில் 600 பக்க நூல் சில வாசிப்புகளிலேயே கையோடு வந்துவிடும்.

ஒரு புத்தகத்தில் என்ன மிஞ்சும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலை 250 ரூபாய், 300 படி, அச்சுச் செலவு படிக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 35 சதவீதக் கழிவு என்றால் 87 ரூபாய் 50 காசு போகிறது. ராயல்டி 10 சதவீதம் 25 ரூபாய். மிஞ்சுவது 57 ரூபாய் 50 காசு. 300 படியும் விற்றால் 17,250 ரூபாய். செம்மையாக்கம், மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை, லாரிச் செலவு, வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. விநியோகஸ்தர் வழியாகப் போனால் கழிவு இன்னும் கூடும்.

அதே படியை வாசகருக்கு நேரடியாக 10 சதவீதக் கழிவில் விற்றால் 120 ரூபாய் கைக்கு வருகிறது. சிறு பதிப்பகங்கள் புத்தகக் காட்சியையும் நேரடி விற்பனையையும் நம்பியிருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். முன்வெளியீட்டுத் திட்டத்தில் 100 பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டால் அச்சுச் செலவு பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஆனால் சொன்ன தேதியில் புத்தகம் அனுப்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்பாது.

லாபம் இரண்டாம் பதிப்பில்தான் தெரியத் தொடங்கும். அப்போது வடிவமைப்புச் செலவும் மெய்ப்புச் செலவும் இல்லை. பத்து ஆண்டு விற்கக்கூடிய ஐந்து நூல்கள் ஒரு சிறு பதிப்பகத்தைத் தாங்கும். ஆண்டுக்கு நாற்பது நூல் போட்டு எதையும் மறுபதிப்புக்குக் கொண்டுபோகாதவர்கள் கடனில்தான் நிற்கிறார்கள்.

பதிவு, ஐஎஸ்பிஎன், வரி?

புத்தகம் வெளியிட உரிமம் எதுவும் வேண்டியதில்லை. தனிநபர் நிறுவனமாகத் தொடங்கி வங்கியில் நடப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு நூலையும் உலக அளவில் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம்வழியே இலவசமாகத் தருகிறது. இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும்.

அச்சிட்ட நூலின் விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் தாளுக்கும் அச்சுக்கும் நீங்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறவும் முடியாது. அது அடக்கவிலையில் சேர்ந்துவிடும்.

1954ஆம் ஆண்டு நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி ஒவ்வொரு நூலும் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு படி போக வேண்டும். பலர் அனுப்புவதில்லை. தயவுசெய்து அனுப்புங்கள். உங்கள் பதிப்பகமே இல்லாத காலத்தில் ஓர் ஆய்வாளர் அந்த நூலைத் தேடி கன்னிமாராவுக்குத்தான் வருவார்.

எழுத்தாளரோடு ஒப்பந்தம் அவசியமா? பழகியவர்களிடம் எப்படிக் கேட்பது?

பழகியவர் என்பதால்தான் இன்னும் அவசியம். வாய்ச்சொல்லில் தொடங்கிய நட்புகள் ராயல்டியில் முறிந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் போதும். எந்த உரிமை (அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு), எவ்வளவு காலம், எந்த நாடுகளுக்கு, எவ்வளவு ராயல்டி, எப்போது கணக்கு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். எழுத்தாளர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மின்னூல், ஒலிநூல் உரிமைகளை உங்களால் பயன்படுத்த முடியாதென்றால் கேட்டு வாங்காதீர்கள். அவை எழுத்தாளரிடமே இருக்கட்டும். ராயல்டி சிறுதொகையாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை படி விற்றது என்ற கணக்கோடு அனுப்புங்கள். 430 ரூபாய்க்கு வந்த காசோலையைக்கூட எழுத்தாளர்கள் மதிப்பார்கள். அவர்களுக்கு வலிப்பது கணக்கே வராமல் இருப்பதுதான்.

எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடலாமா?

அது அச்சுச் சேவை. வெளிப்படையாகச் சேவை என்று சொல்லி, வேலைக்கு உரிய கூலி வாங்கிச் செய்வதில் குற்றமில்லை. வடிவமைப்பாளர்கள் பலருக்கு அதுதான் மாத வருமானம். ஆனால் பதிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு, முதலீடு முழுவதையும் எழுத்தாளர் தலையில் வைத்து, தலைப்புப் பக்கத்தில் நம் முத்திரையைப் போட்டு, விற்ற பணத்தையும் நாமே வைத்துக்கொள்வது ஏமாற்று. முதல் நூல் வெளிவரும் ஆசையில் நகையை அடகுவைத்துப் பணம் கொடுத்த இளம் கவிஞர்களை எனக்குத் தெரியும். அதில் கைவைக்காதீர்கள். செலவைப் பகிர்ந்துகொள்ள எழுத்தாளரே விரும்பினால், அதை எழுதி, விற்பனையில் அவருக்கு உரிய பங்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. எழுத்தாளரை அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம்.

பழைய நூல்களை மறுபதிப்புச் செய்யலாமா?

எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அதன் பிறகு யாரும் வெளியிடலாம். தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. வாரிசுகளுக்கு அரசு தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்கிவிடும். பாரதியின் படைப்புகளுக்கு 1949இலேயே இது நடந்தது. நாட்டுடைமை ஆன எழுத்தாளரின் நூலை எவரும் வெளியிடலாம் என்பதால் ஒரே நூலின் பத்துப் பதிப்புகள் கடையில் இருக்கும். பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று தட்டச்சிட்டவை. முதல் பதிப்போடு ஒப்பிட்டு, விடுபட்ட வரிகளைச் சேர்த்து, முதலில் எந்த இதழில் எப்போது வந்தது என்ற குறிப்போடு வெளியிட்டால் அந்த ஒன்றுக்குத் தனி இடம் உண்டு. எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978க்கு முந்தைய அச்சில் பழைய ‘ணை’, ‘லை’, ‘னா’ வடிவங்கள் இருப்பதால், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் அங்கெல்லாம் தடுமாறும். சொல்லுக்குச் சொல் ஒப்பிடாமல் விடாதீர்கள்.

மொழிபெயர்ப்பு நூல்?

மூலநூலின் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகே மொழிபெயர்ப்பாளரை வேலை தொடங்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு நூல்களுக்கு பிரெஞ்சு அரசின் தாகூர் திட்டமும், ஜெர்மன் நூல்களுக்கு கோத்தே நிறுவனமும் உதவுகின்றன. எதிர்த்திசையில், தமிழிலிருந்து வெளிமொழிகளுக்குப் போவதற்கு 2023 முதல் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியை ஒட்டித் தமிழ்நாடு அரசு மொழிபெயர்ப்பு மானியம் கொடுத்துவருகிறது. மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடுங்கள்.

எங்கே விற்பது?

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் இன்றும் பெரிய சந்தை. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்துகிறது. பொங்கலை ஒட்டி வருவதால் தமிழ்ப் பதிப்பகங்களின் ஆண்டு அதைச் சுற்றியே சுழல்கிறது. டிசம்பரில் எல்லா அச்சகங்களிலும் நெருக்கடி. பிழை மலிவதும் அந்த மாதத்தில்தான். முடிந்தால் உங்கள் நூல்களை ஆகஸ்டில் முடித்துவிடுங்கள். ஸ்டால் கிடைக்காதவர்கள் தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் கழிவுக்கு வைப்பது வழக்கம். 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வருகிறது. நெய்வேலிப் புத்தகக் காட்சிக்கும் தனி வாசகர் கூட்டம் உண்டு. இப்போது மாவட்டந்தோறும் காட்சிகள் நடப்பதால் எல்லாவற்றுக்கும் போக முடியாது. ஸ்டால் வாடகை, ஆள் தங்கும் செலவு, லாரிக்கூலி மூன்றையும் கூட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கடைகளில் கடன் வைக்கும்போது சிறுசிறு கட்டாகக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கணக்குப் பாருங்கள். நேரில் போகிறவருக்கு முதலில் பணம் கிடைக்கும்.

நூலக ஆணையை நம்பலாமா?

பொது நூலகங்களுக்காக அரசு மொத்தமாக நூல் வாங்கும் அந்த ஆணை வந்தால் நல்லது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கீழ், சொத்து வரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியால் இயங்கும் விரிவான நூலக அமைப்பு தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. சிற்றூர் வாசகர் கைக்கு உங்கள் நூல் போக அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் ஆணை எப்போது வரும், பணம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதை எதிர்பார்த்து வட்டிக்கு வாங்கி அச்சிடாதீர்கள்.

மின்னூல் அச்சுநூல் விற்பனையைக் கெடுக்குமா?

என் அனுபவத்தில் கெடுக்கவில்லை. 2016 டிசம்பர் முதல் கிண்டிலில் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. இலங்கை, சிங்கப்பூர், கனடா வாசகர்களுக்குத் தபால் செலவு நூலின் விலையையே மிஞ்சிவிடும். அவர்களுக்கு மின்னூல் பெரிய உதவி. இன்டிசைன் கோப்பில் பத்தி, தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாவற்றுக்கும் முறையாகப் பாணி (ஸ்டைல்) அமைத்திருந்தால் ஒரே நாளில் மின்னூல் எடுத்துவிடலாம்.

சென்னைக்கு வந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கவிஞர் மீரா சிவகங்கையிலிருந்துதான் அன்னம் பதிப்பகத்தை நடத்தினார். காலச்சுவடு நாகர்கோவிலில், எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், அடையாளம் புத்தாநத்தத்தில், வம்சி திருவண்ணாமலையில் வேர்கொண்டவை. சொந்த ஊரில் வாடகை குறைவு, அந்த வட்டாரத்து எழுத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கோப்பை அனுப்பினால் அச்சகம் அச்சிட்டுப் பார்சலில் போட்டுவிடும். முதல் நூலின் அச்சுக்கு மட்டும் நேரில் போய் இயந்திரத்தின் பக்கத்தில் நில்லுங்கள்.

இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

வடிவமைப்பாளராக, செம்மையாக்குநராக முடியும். பல பதிப்பகங்களுக்கு வேலை செய்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, அடிக்குறிப்பும் அட்டவணையும் இருந்தால் கூடுதல் என்று முன்பே சொல்லி, பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பதிப்பாளராக முதல் நான்கைந்து ஆண்டு வேறு வருமானம் கட்டாயம் வேண்டும். அந்தப் பணத்தையும் பதிப்பகப் பணத்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

பதிப்புரிமை முடிந்த ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே யூனிகோடில் தட்டச்சிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, 16 பக்கத்தில் வடிவமையுங்கள். ஒரு பாரம், நடுவில் இரண்டு தையல், வண்ணத் தாளில் ஓர் அட்டை. இருபது படி எடுத்து, புத்தகம் வாசிக்கிற இருபது பேருக்குக் கொடுத்து, பென்சிலால் பிழை குறித்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அவர்கள் குறித்துத் தந்தவற்றைத் திருத்தி இரண்டாவது முறை அச்செடுங்கள். பிறகு அந்தச் சிறு நூலை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பிடித்த பதிப்பகத்தின் வாசலில் போய் வேலை கேளுங்கள்.